பனிக்காலமும் முகப் பொலிவும்

ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகைப் பனி இறங்கத் தொடங்கியதும், திருப்பூரிலிருந்து அவிநாசி செல்லும் சாலையின் இருமருங்கிலும் புதிய விளம்பரப் பலகைகள் முளைக்கக் காண்கிறோம். ‘குளிர்காலச் சலுகை’, ‘திருமண முகப் பொலிவுத் திட்டம்’ என்றெல்லாம் அவை அழைக்கின்றன. அனுப்பர்பாளையத்தையும் வேலம்பாளையத்தையும் சுற்றியுள்ள தெருக்களில், முன்பு பெட்டிக் கடையும் தையற்கடையும் இருந்த இடங்களிலே இன்று அழகு நிலையங்கள் இருக்கின்றன. கைப்பேசியைத் திறந்தாலோ, விளம்பரம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. பனியன் கம்பெனியில் ஆறு நாள் உழைத்துச் சனிக்கிழமை மாலை வாரச் சம்பளம் வாங்கும் பெண்மக்கள் பலர், அதில் ஒரு பங்கை முகத்திற்கென ஒதுக்கி வைக்கிறார்கள். தை பிறந்தால் திருமணம் என்று நிச்சயம் ஆகியிருக்கும் வீடுகளில் இதைப் பற்றிய பேச்சு இன்னும் அதிகம். “இந்தச் சிகிச்சையெல்லாம் குளிர்காலத்தில்தான் செய்துகொள்ள வேண்டுமாமே, மெய்தானா?” என்று தாய்மார்கள் கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானது. அதற்கு ஒரே சொல்லில் விடை கூறுதல் இயலாது. பாதி மெய், பாதி இரவல் என்று வேண்டுமானால் கூறலாம். எந்தப் பாதி நமக்கு உரியது, எந்தப் பாதி மேல்நாட்டாருக்கு உரியது என்று பிரித்தறிந்து கொண்டால் பணமும் மிஞ்சும், முகமும் கெடாது.

முதலில், இச்சிகிச்சைகள் யாவை? தோலின் மேலடுக்கை மெல்லிய அமிலம் கொண்டு உரிப்பது ஒன்று. இதனைப் ‘பீல்’ என்கின்றனர். லேசர் ஒளியைப் பாய்ச்சி வேண்டாத முடியையோ கரும்புள்ளியையோ தழும்பையோ குறைப்பது மற்றொன்று. நுண்ணிய ஊசிகளால் குத்தித் தழும்பின் குழிகளை மேலெழச் செய்வது மூன்றாவது. பெயர் எதுவாயினும் அடிப்படை ஒன்றே: தோலில் வேண்டுமென்றே ஒரு சிறு காயத்தை உண்டாக்கி, அது ஆறும்போது முன்னிலும் நன்றாக ஆறும்படி செய்கிறார்கள். காயம் என்ற இந்தச் சொல்லை நினைவில் இருத்திக் கொண்டால், இனி வரும் செய்திகள் யாவும் எளிதில் விளங்கும்.

அமிலம் என்றவுடன் அஞ்ச வேண்டியதில்லை. தயிரில் புளிப்பாக இருப்பதும் ஓர் அமிலமே. பொங்கலுக்கு நாம் கடித்துச் சுவைக்கும் கரும்பில் கிளைக்காலிக் அமிலம் இயற்கையாகவே உண்டு. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத் தோல் மருத்துவர் ஊன்னா என்பார் 1882-இல், சாலிசிலிக் அமிலம் முதலியவை தோலில் எவ்வாறு வேலை செய்கின்றன என்று எழுதி வைத்தார். 1974-இல் அமெரிக்காவில் வான் ஸ்காட், யூ என்னும் இருவர், கரும்பிலும் தயிரிலும் பழங்களிலும் உள்ள அமிலங்களின் வகை, மீன் செதில்போல் தோல் உலர்ந்து உதிரும் நோய்க்கு நலம் பயக்கிறது என்று வெளியிட்டனர். நோய்க்கு மருந்தாகப் புறப்பட்ட அது, பின்னர் அழகுக்கான சிகிச்சையாகப் பெருகியது. (கரும்புச் சாற்றையே முகத்தில் பூசினால் போதாதா என்று சிலர் எண்ணக்கூடும். போதாது; எறும்புதான் வரும். மருத்துவர் பயன்படுத்துவது குறித்த வலிமையும் புளிப்பு அளவும் கொண்ட கரைசலாகும்.)

இனி நம் தோலைப் பற்றிக் காண்போம். தோலின் நிறத்திற்குக் காரணம் மெலனின் என்னும் நிறமி. வெயில் படும்போது உடல் அந்நிறமியைக் கூடுதலாகச் சுரந்து, குடை பிடிப்பதுபோல் உள்ளிருக்கும் உயிரணுக்களைக் காக்கிறது. 1975-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துத் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் என்பார், வெயிலில் தோல் எவ்வளவு சிவக்கிறது, எவ்வளவு கறுக்கிறது என்பதைக் கொண்டு தோலை வகைப்படுத்தத் தொடங்கினார். இன்று வழங்கும் ஆறு வகைகளுள் நாம் பெரும்பாலும் நான்காம், ஐந்தாம் வகையினர். இவ்வகைத் தோலுக்கு ஒரு வலிமையும் உண்டு, ஒரு தொல்லையும் உண்டு. வெள்ளையரைப்போல் எளிதில் வெயிலில் வெந்து சிவப்பதில்லை. தோற் புற்றுநோயும் குறைவு. இது வலிமை. ஆனால் எந்தக் காயம் பட்டாலும், அது பருவாகட்டும், கொசுக் கடியாகட்டும், சூட்டுக் காயமாகட்டும், ஆறியபின் அவ்விடம் கறுத்து நிற்கிறது. இது தொல்லை. வெளுத்த தோலுடையார்க்குச் சில நாட்களில் மறையும் சிவப்பு, நமக்குப் பல மாதங்கள் கருந்திட்டாகத் தங்கிவிடும். சிகிச்சையும் ஒரு காயம் என்றோம் அன்றோ? அக்காயம் ஆறும் வேளையில் வெயில் பட்டால் நிறமி தாறுமாறாகச் சுரக்கும். கருமையைப் போக்கச் சென்றவள் முன்னிலும் கருந்திட்டோடு திரும்பும் பரிதாபம் இங்ஙனமே நேர்கிறது.

ஆகவே, ஆறும் காலத்தில் வெயில் குறைவாக இருத்தல் நலம் என்பதில் ஐயமில்லை. பனிக்காலத்தைத் தேர்ந்தெடுக்கும் அறிவுரையின் வேர் இதுவே. ஆனால் அந்த அறிவுரை எந்த மண்ணில் பிறந்தது என்பதையும் எண்ண வேண்டும்.

இலண்டன் மாநகரில் டிசம்பர் இறுதியில் நண்பகலிலும் கதிரவன் அடிவானிலிருந்து 15 பாகை உயரமே எழுகிறான். தோலைத் தாக்கும் புறஊதாக் கதிரின் அளவைக் குறிக்க உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட அளவுகோலில், அந்நாட்களில் அங்கே 0 அல்லது 1 என்றே இருக்கும். போதாததற்குக் கம்பளி மேலாடை, கழுத்துப் பட்டை, கையுறை! அங்கே குளிர்காலம் என்பது தோலுக்கு உண்மையான ஓய்வுக் காலம். நமது திருப்பூரோ நிலநடுக் கோட்டிற்கு வடக்கே 11 பாகையில் உள்ளது. மார்கழி மாதத்தின் மிகத் தாழ்ந்த நண்பகற் கதிரவனும் இங்கே ஏறத்தாழ 55 பாகை உயரத்தில் நிற்கிறான். மேகமற்ற நாளில் அவ்வேளை புறஊதா அளவு 8-ஐ ஒட்டி இருக்கும். அந்த அளவுகோலில் 3 தொட்டாலே பாதுகாப்புத் தேவை. 8 என்பது ‘மிக அதிகம்’ என்னும் வகுப்பைச் சேர்ந்தது. காற்றில் குளிர் இருப்பதால் வெயிலில் சூடு தெரிவதில்லை. சூடு தெரியாததால் நிழல் தேடுவதில்லை. குளிருக்கு இதமாக வெயிலில் நின்று பேசிக்கொண்டிருப்பதும் இந்த மாதத்தில்தான்.

அப்படியாயின் பனிக்காலத்தால் நமக்குப் பயனே இல்லையா? உண்டு. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் நண்பகற் கதிரவன் திருப்பூரின் உச்சிக்கு நேர் மேலே நிற்கிறான்; ஆகஸ்ட் நான்காம் வாரத்தில் மீண்டும் ஒருமுறை நிற்கிறான். அந்த நாட்களின் கடுமையோடு ஒப்பிட்டால் மார்கழி வெயில் எவ்வளவோ தணிந்தது. வடகிழக்குப் பருவமழையின் மேகமும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் உதவுகிறது. பகல் வெப்பம் 30 பாகை செல்ஷியஸ் அளவில் நிற்பதால் வியர்வை குறைவு. உரிந்த தோலின்மேல் வியர்வை வழிந்தால் எரிச்சலும் வியர்க்குருவும் தோன்றும். சித்திரை, வைகாசியில் பீல் செய்துகொண்டவர்கள் இதனை நன்கு அறிவர். பூசிய மருந்தும் வியர்வையில் கரைந்து போகாமல் தங்குகிறது.

லேசருக்கு இன்னும் வலுவான காரணம் ஒன்று உண்டு. 1983-இல் ஆண்டர்சன், பாரிஷ் என்னும் இரு அமெரிக்க மருத்துவர்கள் விளக்கிய தத்துவம் இது: தக்க நிறமுள்ள ஒளியைத் தக்க நொடிப் பகுதியளவு பாய்ச்சினால், அந்த ஒளியை உறிஞ்சும் பொருள் மட்டும் வெந்து, சுற்றியுள்ள பகுதி தப்பும். முடியை நீக்கும் லேசர் தேடிச் செல்வது முடியின் வேரிலுள்ள மெலனினையே. ஆனால் நம் தோலிலும் அதே மெலனின் நிறைந்திருக்கிறதே! ஒளிக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரியாது. அதனால்தான் நம்போன்றோர்க்கு, தோலின் மேலடுக்கில் குறைவாகத் தங்கி ஆழம் செல்லும் 1064 நானோமீட்டர் அலைநீள லேசரைத் தேர்ந்த மருத்துவர் நாடுவர். வெயிலில் புதிதாகக் கறுத்த தோலில் மெலனின் மேலும் கூடியிருப்பதால், அந்நிலையில் லேசர் பாய்ச்சினால் தோலே வெந்து கொப்புளிக்கக் கூடும். கோடை விடுமுறையில் ஊர் சுற்றிக் கறுத்து வந்த வாரமே லேசருக்குச் செல்லலாகாது என்பதன் காரணம் இதுவே.

பனிக்காலத்திற்குரிய கெடுதலையும் கூற வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே உள்ள நமது பகுதியில் மழை ஓய்ந்தபின் உலர்ந்த காற்று வீசும். டிசம்பர் பிற்பகுதி முதல் பிப்ரவரி வரை உதடு வெடிப்பதும், கை கால் வெள்ளை பூப்பதும் யாவரும் அறிந்ததே. ஏற்கெனவே உலர்ந்து வெடித்த தோலில் அமிலம் இட்டால், மருத்துவர் எண்ணியதைவிட ஆழமாக இறங்கிவிடும். எனவே சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே ஈரப்பசை தரும் களிம்பை நாள்தோறும் தடவித் தோலைப் பதப்படுத்திக்கொள்ள வேண்டும். விலையுயர்ந்ததுதான் வேண்டும் என்பதில்லை. கை கால்களுக்குச் சாதாரண வாசலினும் தேங்காயெண்ணெயுமே போதும். பரு உள்ள முகத்திற்கு மட்டும் எண்ணெய் ஆகாது.

நம் ஊர் வாழ்க்கைக்குப் பருவத்தைவிட வேளையே முக்கியம் என்பது என் கருத்து. ஏப்ரல் மாதக் காலை எட்டு மணி வெயிலைவிட, டிசம்பர் மாத நண்பகல் வெயிலில் புறஊதாக் கதிர் மிகுதி. காலை எட்டரைக்குக் கம்பெனிக்குள் நுழைந்து, ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு வெளியே வரும் டெய்லர் பெண், நண்பகற் கதிரவனைப் பார்ப்பதே அரிது. அவளுக்குச் சித்திரையும் மார்கழியும் இந்த வகையில் ஏறக்குறைய ஒன்றுதான். மாறாக, பள்ளி விட்டுப் பிள்ளையை அழைத்துவர நண்பகலில் இருசக்கர வண்டி ஓட்டும் தாய்க்கும், மொட்டை மாடியில் துணி உலர்த்துபவளுக்கும், கம்பெனி கம்பெனியாகத் துணிக்கட்டு ஏற்றி இறக்கும் இளைஞனுக்கும் மார்கழியும் வெயிற்காலமே. அயர்ன் மேசையருகில் நாளெல்லாம் நிற்பவர்களுக்கு வேறொரு தொல்லை: கன்னத்தில் படரும் ‘மங்கு’ எனும் கருமை, வெப்பத்தாலும் தூண்டப்படும் என்று மருத்துவர் கருதுகின்றனர். சாயப்பட்டறையில் வேலை செய்து கையிலோ முகத்திலோ அரிப்பும் தடிப்பும் உள்ளவர்கள், அது முற்றிலும் ஆறும்வரை எவ்வித அழகுச் சிகிச்சைக்கும் செல்லாதிருத்தல் வேண்டும்.

பனியன் நகரத்தார்க்கு உரிய செய்தி ஒன்றையும் இடையே சொல்லிவிடுகிறேன். நாம் நெய்து தைத்து உலகிற்கு அனுப்பும் மெல்லிய வெள்ளைப் பனியன் துணி, தன்மீது படும் புறஊதாக் கதிரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை உள்ளே விட்டுவிடுகிறது; நனைந்தாலோ இன்னும் அதிகம் விடும். ஆகவே முகத்தில் வெள்ளைத் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு வண்டி ஓட்டினால் முழுப் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். நெருக்கமாக நெய்த அடர்ந்த நிறத் துணியே மேல். அத்துடன் 30 அல்லது அதற்கு மேல் எண்ணிட்ட வெயில் காப்புக் களிம்பை, முகத்திற்கும் கழுத்திற்குமாக இரண்டு விரல் நீளம் எடுத்துப் பூச வேண்டும். பொட்டு வைப்பதுபோல் தொட்டுத் தடவுவதால் பயனில்லை. வெளியில் இருப்பின் இரண்டு மணிக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும்.

இனித் திருமண வீட்டாருக்கு. திருவருகைக் காலத்தில் நம்மவர் திருமணம் வைப்பதில்லை. மார்கழியில் அண்டை வீட்டாரும் வைப்பதில்லை. எனவே கிறிஸ்து பிறப்பு விழா கழிந்து, சாம்பல் புதனுக்கு முன்னுள்ள சில வாரங்களில் திருமணங்கள் நெருங்கி வருகின்றன. கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கும் வழக்கம் உண்டல்லவா? முதல் ஓலை வாசித்த மறுநாள் மணப்பெண்ணை அழைத்துக்கொண்டு அழகு நிலையத்திற்கு ஓடுகிறார்கள். இதைவிடத் தவறான வேளை இல்லை. மேலடுக்குத் தோல் முழுதும் புதிதாக மாற ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும். மென்மையான பீல் செய்தாலும் மூன்று முதல் ஏழு நாள் வரை தோல் உதிரும். ஒரு முறையோடு முடிவதுமில்லை. மூன்று வார இடைவெளியில் நான்கு முறை என்று வைத்துக்கொண்டால் ஒன்பது வாரங்கள் வேண்டும். அதன்பின் ஆறுவதற்கும், ஏதேனும் கருத்திட்டு விழுந்தால் அதைச் சீர் செய்வதற்கும் ஒரு மாதமாவது கையிருப்பு வேண்டும். அப்படிக் கணக்கிட்டால், பிப்ரவரித் தொடக்கத்தில் திருமணம் எனில் அக்டோபர் இறுதியிலேயே தொடங்கியிருத்தல் வேண்டும். முதல் ஓலைக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட வேண்டும். காலம் கடந்துவிட்டதா? செய்யாமல் விடுவதே சிறந்தது. கருந்திட்டோடு மணவறை ஏறுவதைவிட, இரண்டொரு பருவோடு ஏறுவது எவ்வளவோ மேல். பருவை அலங்காரம் மறைக்கும்.

முடி நீக்கும் லேசரைப் பனிக்காலத்திற்குள் அடக்கவே இயலாது. முடியின் வளர்ச்சிப் பருவத்தில் மட்டுமே லேசர் பலிக்கும். எல்லா முடியும் ஒரே வேளையில் வளர்வதில்லை. ஆறு வார இடைவெளியில் ஆறு முறை என்றால் முப்பது வாரம். நவம்பரில் தொடங்கினால் ஜூன் வரும். ‘குளிர்காலத்திலேயே முடித்துத் தருகிறோம்’ என்று எவரேனும் கூறினால் அவரிடம் கணக்கைக் கேளுங்கள். இளம் பெண்ணுக்கு முகவாயில் திடீரென முடி வளர்ந்து, மாதவிலக்கும் ஒழுங்கு தவறியிருப்பின், லேசருக்குமுன் இரத்தப் பரிசோதனை தேவை. கோளாறு உள்ளே இருக்கலாம்.

சிகிச்சையைவிட எனக்கு அச்சம் தருவது வீட்டு அலமாரியில் இருக்கும் பூச்சுகள். மருந்துக் கடையில் கேட்டவுடன் கிடைக்கும் ஸ்டீராய்டு களிம்பைச் சிவப்பழகுக் களிம்பாகப் பயன்படுத்துவோர் நம் தெருக்களில் ஏராளம். முதல் இரண்டு வாரம் முகம் பளபளக்கும். பின்னர்த் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் தெரிந்து, பருவும் முடியும் முளைக்கும். நிறுத்தினாலோ முகம் சிவந்து எரியும். எரிச்சல் தாளாமல் மீண்டும் அதையே பூசுவர். இத்தகைய 14 வகைக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று 2018 மார்ச்சில் மத்திய அரசு ஆணையிட்டும், பழக்கம் ஒழிந்தபாடில்லை. இந்த மெலிந்த தோலின்மேல் பீல் செய்வது புண்ணில் உப்பிடுவதற்கு ஒப்பாகும்.

கணவாய்க்கு அப்பால், கேரளத்து மலப்புரம் மாவட்டத்தில் நிகழ்ந்ததையும் கேளுங்கள். கோட்டக்கல் மருத்துவமனையொன்றின் சிறுநீரக மருத்துவர்கள் 2021-க்கும் 2023-க்கும் இடையே, சிறுநீரில் புரதம் வெளியேறும் ஒருவகை நோய் கண்ட 22 பேரை ஆராய்ந்தனர். அவர்களுள் 15 பேருக்கு இருந்தது வழக்கத்தில் அரிதான உட்பிரிவு. அந்தப் 15 பேரில் 13 பேர் முகத்தை வெளுப்பாக்கும் பூச்சைப் பயன்படுத்தியவர்கள்! பாதரசம் கலந்த பூச்சுகளே இதற்குக் காரணம் எனக் கருதப்பட்டது. முகத்தில் பூசியது சிறுநீரகத்தைத் தாக்கும் என்று யார் நினைப்பார்கள்? உற்பத்தியாளர் பெயரும் முகவரியும் இல்லாத டப்பாவை, எத்துணை நெருங்கிய உறவினர் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்து கொடுத்தாலும், குப்பையில் இடுங்கள்.

எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் செல்வதும் கெடுதலே. சாறும் வெயிலும் சேர்ந்தால் தோல் வெந்து கறுக்கும். பாட்டிமாரின் பாசிப்பயற்று மாவில் குறை காண்பதற்கில்லை.

யார் செய்கிறார்கள் என்பதும் முக்கியம். எம்.பி.பி.எஸ். பட்டத்தின் மேல் தோல் மருத்துவத்தில் எம்.டி. அல்லது டிப்ளமோ பெற்றவரா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். கருவுற்ற பெண்கள் இச்சிகிச்சைகளைத் தள்ளி வைக்க வேண்டும். கருவுற்ற காலத்தில் தோன்றும் மங்கு பலருக்கு மகப்பேற்றின்பின் தானே மங்கிவிடுகிறது. காயம் பட்டால் தடித்து மேலெழும் தழும்பு உடையோர், உதட்டில் அடிக்கடி அக்கிக் கொப்புளம் வருவோர், பருவுக்கு மாத்திரை உட்கொள்வோர் ஆகியோர் அதனை முன்னதாகவே மருத்துவரிடம் கூறிவிட வேண்டும். காதின் பின்புறம் சிறிதளவு மருந்திட்டு ஒருமுறை சோதித்துப் பார்க்கும்படி நீங்களே கேட்கலாம்.

இவை எதுவும் மாநிறத்தை வெண்ணிறமாக்கா. பருவின் தழும்பைக் குறைக்கலாம், மங்கை மங்கச் செய்யலாம், பிறவி நிறத்தை மாற்ற இயலாது. எவரேனும் மாற்றித் தருவதாகச் சொன்னால் அது பொய். ‘பெண் கொஞ்சம் நிறம் குறைவு’ என்று பெண் பார்க்க வந்த இடத்தில் கூறும் மாப்பிள்ளை வீட்டாரின் முகத்திற்குத்தான் முதலில் சிகிச்சை தேவை என்று எண்ணத் தோன்றுகிறது. ஒரு பெண்ணின் பல வாரச் சம்பளம் அந்த ஒரு சொல்லால் கரைந்து போவதை நம் ஊரில் எத்தனை வீடுகளில் காண்கிறோம்!

பருவும் தழும்பும் மங்கும் மெய்யாகவே வருத்துவோர்க்குப் பணமின்மை ஒரு தடையாக இருக்க வேண்டியதில்லை. திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் தொடங்கப்பட்டது. அதன் மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு உண்டு. பெரும்பாலான பருவுக்கும் மங்குக்கும் முதல் மருத்துவம் லேசரன்று. பூசும் மருந்தும் வெயிலுக்கு மறைப்புமே. அதற்கு அரை நாள் பர்மிஷன் எடுத்தால் போதும். தீபாவளிக்கு ஊருக்குச் சென்றவர்கள் திரும்பி வந்து, மேல்நாட்டுக் கோடை ஆடைக்கான ஆர்டர்கள் குவிந்து ஓவர்டைம் தொடங்குவதற்கு முன்னுள்ள நாட்களே அதற்கு வாய்ப்பானவை. மே மாதத்தில் திருமணம் உள்ளவர்களும், பீல் போன்றவற்றைப் பிப்ரவரி இறுதிக்குள் முடித்துக்கொண்டு, பங்குனி, சித்திரை வெயிலில் களிம்பும் குடையுமாக மட்டும் இருந்துவிடலாம்.